கணக்கிட்ட இடத்தில் விழாத குண்டு: கிடைமட்ட எறிபொருள் செய்முறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முதலாண்டு மாணவர்களுக்கு எறிபொருள் இயக்கம் பற்றிய செய்முறை ஒன்று உண்டு. வளைந்த தடத்தின் மேலிருந்து எஃகுக் குண்டை உருட்டிவிட வேண்டும். அது மேசை விளிம்பில் கிடைமட்டமாகப் பாய்ந்து தரையில் விழும். எங்கே விழும் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டு, பிறகு அளந்து ஒப்பிட வேண்டும். செலவு குறைவு, ஆபத்து இல்லை, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பல ஆண்டுகளாக எந்த மாற்றமும் இல்லாமல் நடந்துவந்த செய்முறை இது.

துறையின் கையேட்டில் இருந்த கணக்கு இரண்டே படிகள். குண்டின் நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது என்று கொண்டு, தடத்தை விட்டுக் கிளம்பும் வேகத்தைக் காண்பது முதல் படி. அந்த வேகத்தை விழும் நேரத்தால் பெருக்கி நெடுக்கத்தை, அதாவது குண்டு கிடைமட்டமாகக் கடக்கும் தூரத்தை, பெறுவது இரண்டாம் படி. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது:

நெடுக்கம் = 2 × √(இறக்கம் × விழும் உயரம்)

தடத்தில் குண்டின் மையம் கீழிறங்கும் செங்குத்து அளவு இறக்கம். தட முனையில் குண்டின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை உள்ள அளவு விழும் உயரம். புவியீர்ப்பு முடுக்கம் இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈர்ப்பு கூடினால் குண்டு வேகமாகக் கிளம்பும். அதே அளவுக்குச் சீக்கிரம் தரையைத் தொட்டும் விடும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

கருவி அமைப்பு

தடம் அலுமினியச் சேனலால் ஆனது. உட்பக்க அகலம் 12 மி.மீ. மேல்பகுதி ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் தொடங்கி, வளைந்து, கடைசி 10 செ.மீ. கிடைமட்டமாக முடிகிறது. குண்டு முக்கால் அங்குல பேரிங் குண்டு: விட்டம் 19.05 மி.மீ., நிறை 28 கிராம். சேனலின் அகலத்தைவிடக் குண்டு பெரியது என்பதால் அது சேனலின் அடித்தளத்தைத் தொடுவதில்லை. இரண்டு மேல்விளிம்புகளின் மேல் உட்கார்ந்து உருள்கிறது. இந்தச் சிறு விவரம் பின்னால் முக்கியமாகிறது.

இறக்கம் 30.0 செ.மீ., விழும் உயரம் 90.0 செ.மீ. தட முனையிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதன் நேர்கீழ்ப்புள்ளி தரையில் குறிக்கப்படும். குண்டு விழும் பகுதியில் வெள்ளைத்தாளை நான்கு பக்கமும் ஒட்டி, அதன்மேல் கார்பன் தாளை மைப்பக்கம் கீழாக விரிப்பார்கள். குண்டு விழுந்த இடத்தில் கரும்புள்ளி பதியும். பத்து முறை உருட்டி, பத்துப் புள்ளிகளின் தூரத்தைச் சராசரி எடுக்க வேண்டும்.

கையேட்டுச் சூத்திரப்படி நெடுக்கம் 103.9 செ.மீ.

கண்டது

அன்றைய பேட்சில் 24 மாணவர்கள், இருவர் இருவராகப் பன்னிரண்டு இணைகள். எட்டு இணைகளின் சராசரி 79 முதல் 80 செ.மீ.க்குள் இருந்தது. கணக்குக்கும் அளவுக்கும் இடையே 24 செ.மீ. பள்ளம். ஒரு இணைக்கு மட்டும் 82 முதல் 87 வரை சிதறிக் கிடந்தது. மீதி மூன்று இணைகளின் நோட்டில் 102 முதல் 104 வரை, கணக்கோடு அச்சாகப் பொருந்தும் எண்கள் இருந்தன.

பொறுப்பாசிரியரை நிறுத்தியது அந்த மூன்று நோட்டுகள்தான். ஒரே தடம், ஒரே வகைக் குண்டு, ஒரே தரை. எட்டு இணைகளுக்கு 80 செ.மீ.யில் விழுந்த குண்டு இவர்களுக்கு மட்டும் 103இல் விழ வழியில்லை. வெள்ளைத்தாளைக் கேட்டபோது இரண்டு இணைகளிடம் தாளே இல்லை. மூன்றாவது இணையின் தாளில் புள்ளிகள் இருந்தன, ஆனால் அவை குண்டு விழுந்த புள்ளிகள் அல்ல. உண்மையான பதிவில் நடுவில் அடர்ந்த வட்டமும் அதைத் தாண்டி முன்புறத்தில் குண்டு துள்ளி விழுந்த மங்கலான இரண்டாம் புள்ளியும் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே அளவில், பேனா முனையால் அழுத்தியதுபோல் இருந்தன.

நேர்மையாக அளந்த எட்டு இணைகளின் ரெக்கார்டு நோட்டைப் படித்ததும் கவலை தந்தது. பிழைக்கான காரணம் என்ற இடத்தில் ஆறு பேர் ‘காற்றின் தடை’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கிளம்பும் வேகத்தைக் கையேட்டுப்படி 2.42 மீ/வி என்று வைத்துக்கொண்டு, அளந்த நெடுக்கத்திலிருந்து விழும் நேரத்தையும், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தையும் கணக்கிட்டு 16.7 மீ/வி² என்று பெற்றிருந்தார். கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 2.42ஐப் பெறுவதற்கே 9.78 என்ற மதிப்பைப் பயன்படுத்தியிருந்ததால், ஒரே தாளில் ஈர்ப்புக்கு இரண்டு மதிப்புகள் நின்றன. ‘செய்முறைப் பிழை’ என்று ஒரு சொல்லில் அதை மூடியிருந்தார்.

முதலில் எழுந்த ஐயங்கள்

மறுநாள் மாலை பொறுப்பாசிரியரும் துறையின் இன்னொரு ஆசிரியையும் ஆய்வக உதவியாளரும் கருவியை எடுத்துவைத்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு காரணத்தையும் ‘இது எத்தனை சென்டிமீட்டரை விளக்கும்’ என்று எண்ணால் கேட்பது என முடிவு செய்தார்கள். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் எந்தக் காரணமும் போதுமான காரணமாகத் தோன்றிவிடும்.

காற்றை முதலில் எடுத்தார்கள். தரையைத் தொடும்போது குண்டின் மொத்த வேகம் ஏறக்குறைய 4.6 மீ/வி. அந்த வேகத்திலும் 19 மி.மீ. எஃகுக் குண்டின்மேல் காற்றுத் தடை அதன் எடையில் 0.6 விழுக்காடு அளவுதான். கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு குறைவு. நெடுக்கத்தில் இதனால் குறையக்கூடியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 24 செ.மீ.யைக் காற்றின் தலையில் கட்ட முடியாது. இதே செய்முறையை டேபிள் டென்னிஸ் பந்தால் செய்தால் கதை வேறு: 2.7 கிராம் பந்துக்கு அதே வேகத்தில் தடை எடையின் கால்பங்கைத் தொடும். மாணவர்களுக்குக் காற்றின் தடை எங்கே பொருட்டு, எங்கே இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வராதது பாடம் நடத்தும் முறையின் குறை.

அடுத்து, தட முனையின் சாய்வு. முனை கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தால் குண்டு சீக்கிரம் தரையைத் தொட்டுவிடும். கணக்குப்படி ஒரு பாகைச் சாய்வு நெடுக்கத்தை ஏறக்குறைய 6 மி.மீ. குறைக்கும். 24 செ.மீ. குறைய வேண்டுமானால் முனை வெறும் கண்ணுக்கே தெரியும்படி தொங்கியிருக்க வேண்டும். கடைசி 10 செ.மீ. மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. குண்டை அங்கே கையால் மெல்ல வைத்தபோது எந்தப் பக்கமும் நகரவில்லை. ரசமட்டத்தைவிட இந்தக் குண்டுச் சோதனை நுட்பமானது. குண்டு இருக்கும் இடத்தில் இருந்தால் சாய்வு பொருட்படுத்தத் தக்கதல்ல.

உயர அளவீட்டில் பிழை உண்மையிலேயே இருந்தது. மாணவர்கள் பலர் குண்டுக்கு அடியில் உள்ள தட விளிம்பின் உயரத்தை அளந்திருந்தார்கள். சரிவில் குண்டின் மையம் விளிம்புக்கு நேர் மேலே இருப்பதில்லை. சரிவுக்குச் செங்குத்தாக விலகி நிற்கும். 45 பாகைச் சரிவில் இதனால் வரும் வித்தியாசம் 2 மி.மீ. சொச்சம். நெடுக்கத்தில் அது 4 மி.மீ.கூட ஆகாது. இறக்கத்தின் பிழை மட்டுமே காரணம் என்று கொண்டால் 30 செ.மீ. என்று அளந்தது உண்மையில் 17.5 செ.மீ.யாக இருந்திருக்க வேண்டும். அப்படி யாரும் தவறி அளக்க முடியாது.

குண்டை விடும் முறையையும் பார்த்தார்கள். விரலால் பிடித்து விடும்போது புள்ளிகள் 3 செ.மீ. நீளத்துக்குச் சிதறின. மரச்சட்டத்தால் குண்டைத் தடுத்து நிறுத்தி, சட்டத்தை முன்பக்கமாகச் சட்டென்று எடுத்தபோது சிதறல் ஒரு சென்டிமீட்டருக்குள் வந்தது. சிதறல் குறைந்தாலும் சராசரி நகரவில்லை, 79.5 செ.மீ.யிலேயே நின்றது. இதன் பொருள் தெளிவு. சராசரியைக் கீழே இழுப்பது கை நடுக்கமோ கவனக்குறைவோ அல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வேலை செய்யும் ஒன்று.

82 முதல் 87 வரை சிதறிய இணையின் புதிரும் அப்போதே தீர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த குண்டு துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைத்திருந்த பெட்டியிலிருந்து வந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் அதுவும் 79.5க்கு வந்து சேர்ந்தது. எண்ணெய் பட்ட குண்டு ஏன் அதிக தூரம் போக வேண்டும் என்ற கேள்வியை ஆசிரியை கரும்பலகையில் எழுதிவைத்தார். விடைக்கான முதல் நூல் அதில் இருந்தது.

தடத்தையும் பறப்பையும் பிரித்தல்

கணக்கு இரண்டு படி என்றால் பிழையும் இரண்டில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். எனவே நடுவில் ஓர் அளவீட்டைச் செருக முடிவு செய்தார்கள். தட முனையில் ஒரு போட்டோகேட்டைப் பொருத்தி, குண்டு ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தை எடுப்பது திட்டம். குண்டின் விட்டத்தை அந்த நேரத்தால் வகுத்தால் கிளம்பும் வேகம் நேரடியாகக் கிடைக்கும்.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. ஒளிக்கற்றை குண்டின் மையத்தின் வழியே போக வேண்டும். 1 மி.மீ. மேலோ கீழோ போனால் மறைக்கும் நீளம் விட்டத்தைவிட அரை விழுக்காடுதான் குறையும், 2 மி.மீ. விலகினால் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். சேனல் விளிம்புகளிலிருந்து குண்டின் மையம் 7.4 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆரமான 9.5 மி.மீ. உயரத்தில் அல்ல. போட்டோகேட்டை 9.5இல் பொருத்தினால் அதுவே புதுப்பிழை. உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, மறைப்பு நேரம் மிக அதிகமாக வரும் இடத்தில் நிறுத்துவது பாதுகாப்பான வழி.

கிடைத்த நேரம் 10.3 மில்லி வினாடி. வேகம் 1.85 மீ/வி. விழும் நேரம் 0.429 வினாடியால் பெருக்கினால் 79.4 செ.மீ. அளந்தது 79.5.

பறப்புக் கணக்கில் குறையே இல்லை. கிளம்பும் வேகம்தான் 2.42க்குப் பதில் 1.85 ஆக இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை ஒப்பிட்டால், நிலையாற்றலில் 58 விழுக்காடு மட்டுமே முன்னோக்கிய ஓட்டமாகியிருக்கிறது. மீதி 42 விழுக்காடு தடத்திலேயே வேறெங்கோ போயிருக்கிறது. எறிபொருள் செய்முறையில் எறிபொருள் பகுதி சரியாக இருக்க, எல்லோரும் அதிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தார்கள்.

உருளல் கணக்கு

குண்டு சறுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. உருளும் பொருள் ஆற்றலின் ஒரு பகுதியைச் சுழற்சிக்குக் கொடுத்தாக வேண்டும். திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு) நிறை, ஆரத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கலில் ஐந்தில் இரண்டு பங்கு. நழுவாமல் சமதளத்தில் உருண்டால் நிலையாற்றலில் ஏழில் ஐந்து பங்கு ஓட்டத்துக்கும் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கும் பிரியும். இது முதலாண்டுப் பாடத்திலேயே பிற்பாடு வருவதுதான். கையேடு எழுதியவர்கள் உராய்வின்றிச் சறுக்கும் கட்டைக்கான சூத்திரத்தைக் குண்டுக்கு அப்படியே வைத்துவிட்டார்கள்.

எண்ணெய்ப் புதிரும் இங்கே அவிழ்கிறது. குண்டைச் சுழற்றுவது உராய்வு. எண்ணெய் உராய்வைக் குறைத்ததால் குண்டு பாதி சறுக்கி வந்தது, சுழற்சிக்குக் குறைவாகக் கொடுத்தது, அதனால் வேகமாகக் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் படலம் வேறுபட்டதால் சிதறலும் கூடியது.

ஏழில் ஐந்து பங்கை வைத்துக் கணக்கிட்டால் நெடுக்கம் 87.8 செ.மீ. அளந்ததோ 79.5. இன்னும் 8 செ.மீ. உதைத்தது.

இந்த இடத்தில் பொறுப்பாசிரியர் நிறுத்திவிடலாம் என்று கருதினார். பெரிய காரணம் கிடைத்துவிட்டது, மீதியை உருளல் உராய்வு என்று எழுதிவிடலாம் என்பது அவர் வாதம். பல ஆய்வகங்களில் இந்தச் செய்முறை இங்கேதான் நிற்கிறது. ஆசிரியை ஒப்பவில்லை. 8 செ.மீ. என்பது ஆற்றலில் 18 விழுக்காடு. கடினமான எஃகு கடினமான அலுமினியத்தின் மேல் ஒரு மீட்டர்கூட உருளாத தூரத்தில் அவ்வளவை இழக்காது. எண்ணால் கேட்பது என்று காற்றுக்கு வைத்த விதி உராய்வுக்கும் பொருந்த வேண்டும் என்றார்.

அப்போதுதான் ஆய்வக உதவியாளர் சொன்னார்: “மேடம், அந்தப் பெரிய குண்டு போட்டா எப்பவுமே கொஞ்சம் தள்ளித்தான் விழும். சின்னது கிட்டவே விழுந்துடும். அதனாலதான் எல்லாருக்கும் ஒரே சைஸா எடுத்துக் குடுக்கிறேன்.”

கையேட்டுச் சூத்திரத்திலும் சரி, ஏழில் ஐந்து பங்கிலும் சரி, குண்டின் அளவுக்கு இடமே இல்லை. ஆனால் அளவைப் பொறுத்து நெடுக்கம் மாறுகிறது. ஆக, தடத்தின் வடிவத்துக்கும் குண்டின் அளவுக்கும் இடையே ஏதோ நடக்கிறது.

ஆசிரியை குண்டின் மேல் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, நேராகக் கிடத்திய அதே வகைச் சேனல் துண்டில் 50 செ.மீ. தூரம் மெல்ல உருட்டிச் சுற்றுகளை எண்ணினார். சமதளத்தில் 19 மி.மீ. குண்டு அந்தத் தூரத்துக்கு எட்டேகால் சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். சேனலில் பத்தே முக்கால் சுற்று சுற்றியது.

விளிம்புகளின் மேல் உட்கார்ந்த குண்டு 12 மி.மீ. இடைவெளிக்குள் 2 மி.மீ. இறங்கி நிற்கிறது. அது உருளும் ஆரம் 9.5 அல்ல, 7.4 மி.மீ. அதே வேகத்தில் முன்னேற அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சிக்குப் போகும் பங்கு கூடுகிறது. நிலையாற்றலில் முன்னோக்கிய ஓட்டமாகும் பங்கை ஓட்டப்பங்கு என்று வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி:

உருளும் ஆரத்தின் வர்க்கம் = குண்டின் ஆரத்தின் வர்க்கம் − சேனல் அகலத்தில் பாதியின் வர்க்கம்

ஓட்டப்பங்கு = 1 ÷ (1 + 0.4 × குண்டின் ஆரத்தின் வர்க்கம் ÷ உருளும் ஆரத்தின் வர்க்கம்)

நெடுக்கம் = 2 × √(ஓட்டப்பங்கு × இறக்கம் × விழும் உயரம்)

இந்தக் குண்டுக்கு ஓட்டப்பங்கு 0.601. நெடுக்கம் 80.6 செ.மீ. அளந்தது 79.5. மிச்சம் 1.1 செ.மீ., அதாவது 1.4 விழுக்காடு. உருளல் உராய்வுக்கு இப்போது விடலாம்.

மூன்று குண்டுகளும் ஒரு கோலியும்

ஒரே குண்டில் பொருந்திய விளக்கத்தை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. முதலில் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, பிறகு உருட்டினார்கள்.

விட்டம் 25.4 மி.மீ.: கணக்கு 84.4, அளவு 83.6 செ.மீ.
விட்டம் 19.05 மி.மீ.: கணக்கு 80.6, அளவு 79.5 செ.மீ.
விட்டம் 15.9 மி.மீ.: கணக்கு 74.7, அளவு 72.9 செ.மீ.

பெரிய குண்டு கனமானது, அதனால்தான் தள்ளி விழுகிறது என்று மாணவர்கள் சொல்லக்கூடும். அதற்கு மாற்றுச் சோதனையாக ஏறக்குறைய 16 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கோலிக்குண்டை உருட்டினார்கள். சிறிய எஃகுக் குண்டின் அளவே இருந்தாலும் அதன் எடை மூன்றில் ஒரு பங்குதான். கோலி 72க்கும் 73க்கும் இடையே சராசரி காட்டியது. கோலிகள் முழு உருண்டை அல்ல என்பதால் சிதறல் அதிகம். ஆனாலும் எடைக்கு இதில் பங்கில்லை என்று நிறுவ அது போதும்.

குண்டு சிறியதாக ஆக மிச்சப்பிழை கூடுவதையும் குறித்துக்கொண்டார்கள்: 0.9, 1.4, 2.4 விழுக்காடு. சிறிய குண்டு விளிம்புகளுக்கிடையே ஆழமாக இறங்குகிறது. தொடும் இடங்களில் உரசல் கூடுவதோடு சரிவான மேல்பகுதியில் நழுவவும் வாய்ப்பு அதிகம்.

நானூறு ஆண்டுப் பழைய தாள்

இதே பள்ளம் கலிலியோவின் கையெழுத்துப் பிரதியிலும் இருக்கிறது. பிளாரன்ஸ் நூலகத்தில் உள்ள அவருடைய குறிப்புகளில் 116ஆம் தாளின் பின்பக்கம் 1608 வாக்கில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் அதை 1973இல் ஆய்ந்து வெளியிட்டார். சாய்தளத்தில் குண்டை உருட்டி, 828 புள்ளி உயரமுள்ள மேசையிலிருந்து பாயவிட்ட அளவுகள் அதில் உள்ளன. புள்ளி என்பது அவர் பயன்படுத்திய நீள அலகு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 300 புள்ளி இறக்கத்துக்கு 800 புள்ளித் தூரம் என்று குறித்திருக்கிறார். நம் கல்லூரிக் கையேட்டுச் சூத்திரம் அதற்கு 997 தரும்.

சுழற்சியின் ஆற்றலைக் கணக்கிடும் கணிதம் அவர் காலத்தில் இல்லை. ஆனால் அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. 800 என்ற அளவையே அடிப்படையாக வைத்து, மற்ற உயரங்களுக்குத் தூரம் இறக்கத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் மாற வேண்டும் என்று கணித்தார். 600 புள்ளி இறக்கத்துக்கு 1131 எதிர்பார்த்து 1172 கண்டார். 800க்கு 1306 எதிர்பார்த்து 1328. 1000க்கு 1460 எதிர்பார்த்து 1500. விகிதம் எடுக்கும்போது ஓட்டப்பங்கு இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப்போகிறது. கையேட்டை எப்படித் திருத்துவது என்பதற்கு ஆசிரியைக்கு வழி கிடைத்தது இந்தத் தாளிலிருந்துதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பொய்யளவு எழுதிய மூன்று இணைகளைப் பற்றியது. பொறுப்பாசிரியர் மதிப்பெண்ணை நீக்க வேண்டும் என்றார். ஆசிரியையின் வாதம் வேறு: தவறான விடையை ‘எதிர்பார்க்கும் மதிப்பு’ என்று அச்சிட்டு, அதற்கு எவ்வளவு அருகில் வருகிறார்களோ அவ்வளவு மதிப்பெண் என்று வைத்தது துறை. அந்த ஏற்பாட்டில் நேர்மையாக அளந்தவர்தான் மதிப்பெண் இழக்கிறார். இறுதியில், அந்த மூன்று இணைகளும் செய்முறையை மீண்டும் செய்து கார்பன் பதிந்த தாளை நோட்டில் ஒட்ட வேண்டும் என்றும், எட்டு இணைகளுக்கு முழு மதிப்பெண் தரப்படும் என்றும் முடிவாயிற்று. இந்த முடிவு சரியானது. கருவியைத் தவறாகப் புரிந்துகொண்ட கையேடு மாணவருக்கு முதலில் கற்றுத்தருவது எண்ணைத் திருத்துவதைத்தான்.

இரண்டாவது, ஒரே உயரத்தில் நெடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறையைக் கைவிட்டார்கள். 10, 15, 20, 25, 30 செ.மீ. என ஐந்து இறக்கங்களில் அளந்து, நெடுக்கத்தின் வர்க்கத்தை இறக்கத்துக்கு எதிராக வரைபடம் இட வேண்டும். நேர்கோடு வந்தால் எறிபொருள் விதி உறுதியாகிறது. அதன் சாய்வு விழும் உயரத்தின் நான்கு மடங்கை ஓட்டப்பங்கால் பெருக்கிய மதிப்பு. சறுக்கும் கட்டையானால் சாய்வு 360 செ.மீ., சமதளத்தில் உருளும் கோளமானால் 257, இந்தச் சேனலில் 216. எந்தக் கணக்கு தன் தடத்துக்குப் பொருந்துகிறது என்பதை மாணவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் தடவிய பெட்டியை மூடினார்கள். குண்டுகளை உலர்த்தித் துணியில் சுற்றி வைப்பது, ஒவ்வொரு பேட்சுக்கும் முன் குண்டையும் தட விளிம்பையும் ஸ்பிரிட்டால் துடைப்பது என்று உதவியாளர் பொறுப்பேற்றார்.

பின் நடந்தது

அடுத்த பேட்சில் பதினொரு இணைகள். வரைபடச் சாய்வு 208 முதல் 214 செ.மீ.க்குள் வந்தது, ஓட்டப்பங்கு 0.58 முதல் 0.59 வரை. தாங்கள் பெற்ற சாய்வைக் கொண்டு, இதுவரை உருட்டாத 22 செ.மீ. இறக்கத்துக்கு நெடுக்கத்தைக் கணித்து அந்த இடத்தில் ஸ்டீல் டம்ளர் வைக்கச் சொன்னார்கள். டம்ளரின் உயரத்தைக் கணக்கில் சேர்த்தபின், ஒன்பது இணைகளின் குண்டு முதல் முறையிலேயே டம்ளருக்குள் விழுந்தது. தவறிய இருவரில் ஒருவர் குண்டை விரலால் விட்டிருந்தார். மற்றவர் தூரத்தைத் தூக்குக்குண்டின் புள்ளியிலிருந்து அளக்காமல் தாங்கியின் காலிலிருந்து அளந்திருந்தார்.

அதற்கு முன், டம்ளர் வைப்பதில் எல்லா இணைகளும் ஒரே இடத்தில் தடுக்கின. குண்டு டம்ளரின் வாயைக் கடக்கும்போது அதன் விழும் உயரம் 90 செ.மீ. அல்ல. 8 செ.மீ. உயரமுள்ள டம்ளரானால் 82 செ.மீ.தான். நெடுக்கம் நாலரை விழுக்காடு குறையும். தரைக்குக் கணக்கிட்ட இடத்தில் டம்ளரின் மையத்தை வைத்தால் குண்டு முன்விளிம்பில் பட்டுத் தெறிக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை தெறிக்கவிட்டுப் பிறகு கேட்டது நல்ல பலன் தந்தது.

‘காற்றின் தடை’ என்ற பதில் முற்றாக மறையவில்லை. எழுதிய மூவரிடமும் அது எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு எழுதச் சொன்னார்கள். மூவரும் ஒரு மில்லிமீட்டர் அளவில் விடை கண்டு, தாங்களே அந்த வரியை அடித்தார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

தடத்தின் மேல்பகுதிச் சரிவைக் குறைக்க வேண்டும். இந்தச் சேனலில் 19 மி.மீ. குண்டு நழுவாமல் உருள, சரிவின் டான் மதிப்பு உராய்வுக் கெழுவின் மூன்றேகால் மடங்குக்குள் இருக்க வேண்டும். கெழு 0.2 என்றால் ஏறக்குறைய 33 பாகை. இப்போதுள்ள 45 பாகையில் தொடக்கத்தில் சிறிது நழுவல் இருக்கவே செய்யும். புதுத்தடம் 30 பாகையில் தொடங்கினால் நல்லது.

அகலம் குறைந்த சேனல் கிடைத்தால் அதையும் வாங்கி வைக்கலாம். 6 மி.மீ. அகலச் சேனலில் இதே குண்டின் ஓட்டப்பங்கு 0.69, ஏழில் ஐந்துக்கு மிக அருகில். ஆனால் பழைய 12 மி.மீ. தடத்தைத் தூக்கிப்போடக் கூடாது. இரண்டும் அருகருகே இருந்தால், ஒரே குண்டு ஒரே உயரத்திலிருந்து இரண்டு இடங்களில் விழுவதை மாணவர் அளந்து காண முடியும்.

ஆய்வகத் தரை நீர் வடிவதற்காகச் சிறிது சரிவாகப் போடப்பட்டது. மீட்டருக்கு 5 மி.மீ. இறக்கம் இருந்தால் நெடுக்கத்தில் 2 மி.மீ. தவறும். கார்பன் தாளுக்கு அடியில் சமன் செய்த பிளைவுட் பலகை போட்டு, விழும் உயரத்தைப் பலகை மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். பலகை அதிராமல் தரையோடு படிந்திருக்க வேண்டும். அடியில் காற்றிடைவெளி இருந்தால் குண்டு பட்டதும் தாள் நகர்ந்து புள்ளி இழுபடும். போட்டோகேட் இல்லாத கல்லூரிகளில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் செல்பேசியால் தட முனையைப் பக்கவாட்டிலிருந்து படமெடுக்கலாம். அடுத்தடுத்த படங்களில் குண்டு 7.7 மி.மீ. நகர்ந்திருக்கும். அளவுகோலைக் குண்டு ஓடும் தளத்திலேயே நிறுத்த வேண்டும். பின்சுவரில் ஒட்டினால் தொலைவு வேறுபாட்டால் வேகம் பல விழுக்காடு தவறாக வரும்.